எதிர் நீரோட்டத்தில் எழும் அலை

காற்று அடித்தால் அலை உயரும் என்பது நமக்குத் தெரியும். காற்று கூடாமலே அலை உயரும் இடமும் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி அகுலாஸ் நீரோட்டம் ஓடுகிறது. கடலுக்குள் ஓர் ஆறு என்றே சொல்லலாம். வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தொடும். அது தென்மேற்கு நோக்கிப் பாய்கிறது. தென்கடல் புயல்கள் கிளப்பும் அலைகளோ தென்மேற்கிலிருந்து அதற்கு எதிராக வருகின்றன.

எதிர்நீரில் அலையின் ஓட்டம் மட்டுப்படுகிறது. பின்னால் வரும் அலைகள் நிற்பதில்லை. ஆகவே அலைகளுக்கு இடையே உள்ள தூரம் குறுகும். பரவிக் கிடந்த ஆற்றல் ஒன்றுசேரும். அலை செங்குத்தாக எழும். ஓட்டத்தோடு போகும் அலை நீண்டு தணியும். ஆழ்கடலில், அசையாத நீரில் அலைக்குள்ள வேகத்தில் கால் பங்கை எதிரோட்டம் எட்டினால், அலை முன்னே நகர முடியாமல் உடைந்துபோகும்.

1968 ஜூனில் ‘வேர்ல்டு குளோரி’ என்ற எண்ணெய்க் கப்பல் இந்தக் கடலில் பேரலையில் சிக்கி இரண்டாக முறிந்தது. தென்மேற்குப் புயல் வருகிறது என்றால், 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே, கரைப் பக்கமாக ஒதுங்கும்படி மாலுமிகளுக்கு அறிவுறுத்துவார்கள்.

முகத்துவாரங்களிலும் இதே விதிதான். கடல் ஓதம் வடியும் நேரத்தில் ஆறு வெளியே பாயும்போது, உள்ளே வரும் அலை சீறி எழும். படகில் போகிறவர்களே, காற்றைப் பார்ப்பதோடு நீர் ஓடும் திசையையும் பார்த்துப் புறப்படுங்கள்.