சொல்லாமல் சொன்ன சான்று



வெண்பா ஒன்று படிக்கப்படுகிறது. ஓரிடத்தில் ஓசை இடறுகிறது. தளை தட்டுவதைச் செவி உணர்ந்துவிடுகிறது. எச்சீரில் தட்டிற்று என்பதை அறிய, அலகிட்டுப் பார்த்தல் வேண்டும். பிழை உண்டு என அறிவது ஒன்று. அதன் இடம் காட்டுவது மற்றொன்று. இவ்விரண்டு அறிவுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கணித உலகில் ஓர் எண் அளந்து காட்டியிருக்கிறது.

14,75,73,95,25,89,67,64,12,927 என்பது அவ்வெண். இருபத்தோர் இலக்கங்கள் கொண்டது. அறுபத்தேழு இரண்டுகளைத் தம்முள் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைப்பது.

1644இல் பிரான்சு நாட்டுத் துறவி மரேன் மெர்சென் இவ்வகை எண்கள் சிலவற்றைப் பகா எண்கள் எனப் பட்டியலிட்டார். பகா எண்ணாவது, ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதது. அப்பட்டியலில் இவ்வெண்ணும் இடம்பெற்றது.

1876இல் எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இதனை மறுத்தார். அவர் இவ்வெண்ணை எதனாலும் வகுத்துப் பார்க்கவில்லை. பகா எண்ணாயின் தப்பாமல் நிறைவேற வேண்டிய ஒரு சோதனையை வகுத்து, அதில் இவ்வெண் தேறவில்லை என்று காட்டினார். ஆகவே இது பகு எண். ஆயினும், இதனைப் பகுக்கும் காரணிகள் யாவை என்பதை அச்சோதனை உரைக்கவில்லை. செவி சொல்லிவிட்டது, சீர் தெரியவில்லை.

காரணி காண்பது எளிதன்று. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், 134ஆல் வகுத்தால் மீதி ஒன்று வரவேண்டும் என்பது விதி. அவ்விதிக்கு அடங்கியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், சோதிக்க வேண்டியவை ஏறத்தாழ ஒன்பது கோடி. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் மேலும் சில நிபந்தனைகளால் அத்தொகையைச் சலித்துக் குறைத்தார்.

1903 அக்டோபர் 31 அன்று, நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் தம் முடிவை அளித்தார். அந்நிகழ்ச்சியை எரிக் டெம்பிள் பெல் பின்னாளில் எழுதிவைத்தார். கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் இரண்டின் அறுபத்தேழாம் அடுக்கைக் கணித்து, ஒன்றைக் கழித்தாராம். பின்னர்ப் பலகையின் மறுபுறம் 19,37,07,721 என்பதையும் 7,61,83,82,57,287 என்பதையும் எழுதி, முறையாகப் பெருக்கினாராம். இருபுறத்து விடைகளும் ஒத்தன. வாய் திறவாமலே அவர் இருக்கைக்குத் திரும்ப, அவை கைதட்டிற்று என்பார் பெல். இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டபோது, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடையிறுத்ததாகவும் அவர் குறிக்கிறார்.

இன்று கணிப்பொறி இக்காரணிகளை இமைப்பொழுதில் தந்துவிடும். அதனால் கோலின் உழைப்பு சிறுமையுறவில்லை. தேடற்கு ஆண்டுகள் ஆயின. கண்டதைச் சரிபார்க்கவோ பெருக்கல் அறிந்த பள்ளி மாணவர்க்கும் இயலும். நற்சான்றின் இயல்பு இதுவே: தேடியவரின் பெயரையும் பெருமையையும் நம்பச் சொல்லாது, கேட்பவரையே கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லும்.

பத்தாண்டுகளாகப் பிறர் கவிதையைப் படித்துக் கருத்துரைத்து வரும் இவ்வட்டத்திற்கு இது புறம்பான செய்தியன்று. 'இக்கவிதை சரியில்லை' என்பது லூக்காவின் தீர்ப்பு. அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும், எழுதியவர் அத்தீர்ப்பைக் கொண்டு ஓர் அடியையும் திருத்திக்கொள்ள இயலாது. இடறும் சொல்லைச் சுட்டிக் காட்டும்போதுதான் திறனாய்வு அவர் கைக்கு எட்டுகிறது. அதற்குச் சில ஞாயிற்றுக்கிழமைகள் செலவாகலாம். நீண்ட பேச்சு வேண்டியதில்லை.