மாதிரிச் சிப்பி

மன்னார்க் கடலிலே முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் ஆயிரக்கணக்கானோர் கூடுவர். ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே எழும். அந்த ஆரவாரத்துக்கு முன்னர், ஆரவாரமில்லாத வேலையொன்று நடந்தாக வேண்டும். முத்துப் பார்களுக்குப் பொறுப்பான அதிகாரி, மூழ்குவோரை அழைத்துச் சென்று, சேவல் பார் முதலிய இடங்களில் மாதிரிச் சிப்பிகளை எடுப்பிப்பார். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவர். சிப்பி முதிரவில்லையாயின் அவ்வாண்டு சலாபம் இல்லை. சலாபத்தில் மூழ்கியவருக்கு மூன்றிலொரு பங்கு சிப்பி உண்டு; மாதிரிச் சிப்பியோ மதிப்பீட்டுக்கே உரியது. முத்தைப் பாடுவோர் பலர். மாதிரி எடுத்தவரைப் பற்றிப் பேசுவார் யார்?

இக்காலக் கணினியுலகிலும் இந்நிலையே காணப்படுகின்றது. திறந்தமூல மென்பொருள் என்பது, தன் நிரல் வரிகளை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய 'சகானா' இவ்வகையதே. இங்கே ஒருவர் எழுதியனுப்பும் திருத்தத்தை மற்றொருவர் வரிவரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். எழுத வருவோர் பலர்; பார்க்க வருவோர் சிலர். புதிதாக எழுதியவர் தம் கைவேலையைக் காட்டலாம். பிழையைத் தடுத்தவர் எதைக் காட்டுவார்? நேராத பிழைக்கு உருவமில்லையே!

இதனால் விளையும் கேடு சிறிதன்று. கடவுச்சொற்கள் இணையத்தில் மறைவாகச் செல்ல உதவும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்னும் மென்பொருளின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு பிழை புகுந்தது. வருகின்ற செய்தியின் நீளத்தைச் சரிபார்க்க மறந்த பிழை அது. ஒருவர் பார்வையிட்டார், அவர் கண்ணுக்கும் தப்பியது. 2014 ஏப்ரலில் அது வெளிப்பட்டபொழுது உலகமே திடுக்கிட்டது. அத்துணைப் பெரும் பணிக்கு அப்பொழுது முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. 2024இலோ, 'எக்ஸ்இசட்' என்னும் மென்பொருளைத் தனியே சுமந்து களைத்த ஒருவரிடம், உதவுவார்போல் வந்த ஒருவர் பொறுப்பைப் பெற்று, கள்ள வாயிலொன்றை அமைத்துவிட்டார். ஏறத்தாழ அரை விநாடித் தாமதத்தைக் கண்டு ஐயுற்ற வேறொருவரால் அது பிடிபட்டது. அந்த அரை விநாடியை எத்தனை பேர் பொருட்படுத்துவர்?

ஆயின், பார்வையிடுவோரை வரவழைப்பது எங்ஙனம்? 'போஸ்ட்கிரெஸ்' குழுவினரிடம் நல்ல வழக்கமொன்று உண்டு: திருத்தம் அனுப்புபவர், அதனையொத்த பிறர் திருத்தமொன்றையும் பார்த்துக் கொடுக்க வேண்டுமென எதிர்பார்ப்பர். 'லினக்ஸ்' குழுவினர், பார்வையிட்டவர் பெயரையும் எழுதியவர் பெயரோடு நிலையாகப் பதிந்து வைக்கின்றனர். பெயர்தானே என்று எண்ணற்க. தொண்டருக்குக் கிடைக்கும் கூலி பெரும்பாலும் அதுவே. ஆயிரம் வரிகளை ஒருங்கே கொட்டாது சிறுசிறு பகுதியாக அனுப்புவதும் உதவும். சொல்லின் இனிமையும் வேண்டும். சிவப்பு மையால் நிறைந்து வந்த கட்டுரையைக் கண்ட மாணவர், மறுமுறை எழுதத் தயங்குவதை ஆசிரியர்கள் அறிவர். அவ்வாறே, தாம் சொன்ன குறிப்புக்கு விடையே வராத தொண்டரும் மெல்ல விலகிவிடுவார்.

பேசாலையிலோ முருங்கனிலோ உள்ள மாணவர் ஒருவர் நிரல் அறிந்தபின்னர்தான் இப்பணியில் இறங்க வேண்டுமென்பதில்லை. மென்பொருளின் தமிழ்ச் சொற்களை முதலில் பார்வையிடலாம். 'சேமி' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'காப்பாற்று' என்றிருந்தால், அதனைக் காணத் தமிழறிவே போதும். அவர் ஒருவரி எழுதியனுப்பட்டும். அப்புறத்திலிருந்து ஒருவர், "சரி, திருத்திவிட்டோம், நன்றி" என அன்றே விடையளித்தால், அவர் மறுநாளும் வருவார்.