பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?



குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலை தேடிப் போகிறவர்கள் உண்டு. அங்கே மானேஜர் கேட்பார்: "ஏம்பா, பழைய வேலையை ஏன் விட்டே?" பலருக்கு வாய் அடைத்துவிடும்.

கருங்கல் அறுக்கும் வேலையை விட்டவரை எடுத்துக்கொள்வோம். குப்பத்துப் பச்சைக் கல்லுக்கு வெளியூரில் நல்ல பெயர். ஆனால் தண்ணீர் விடாமல் அறுத்தால் தூசு பறக்கும். அது நுரையீரலில் தங்கும். வருஷங்கள் கழித்து சிலிகோசிஸ் என்ற நோய் வரும். வந்தால் முழுக்கக் குணமாக்க மருந்து இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இந்த நோயின் பெயர் இருந்தது.

அவர் என்ன பதில் சொல்லலாம்? "சும்மா விட்டேன்" என்றால், இங்கேயும் நிலைக்க மாட்டார் என்று நினைப்பார்கள். பழைய முதலாளியைத் திட்டினால், நாளை நம்மையும் திட்டுவார் என்று தோன்றும்.

"ஐயா, அங்கே தூசு அதிகம். தண்ணீர் விட்டு அறுக்கலாம் என்று கேட்டேன், நடக்கவில்லை. உடம்பு கெடும் முன்னே நின்றுவிட்டேன். 6 வருஷம் மிஷின் ஓட்டியிருக்கிறேன்."

இவ்வளவு போதும். உண்மையும் இதுதான்.

ஏற்கெனவே இருமல் இருந்தால்? முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் ரயில். கல் வேலை செய்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெறும் காசநோய் என்று நினைத்துவிடக்கூடும்.