வாயில்லா ஜீவனின் இறுதி வேளை



வாகனத்தில் அடிபட்டு வீதியோரம் துடிக்கும் மாட்டையோ நாயையோ கண்டால், முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அல்லது கல்லாலடித்துக் கொன்றுவிடுகிறோம். இரண்டுமே இரக்கமன்று.

நம் நாட்டின் 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 13ஆவது பிரிவில் இதற்கு வழி கூறுகிறது. உரிமையாளர் இல்லாவிடினும் இசையாவிடினும், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட காவல் அதிகாரி அரசுக் கால்நடை மருத்துவரை அழைக்கலாம். அதனை உயிரோடு வைத்திருப்பதே கொடுமையென மருத்துவர் சான்றளித்தால், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு பெற்று உயிர் நீக்கலாம்.

ஏன் இத்தனை படிகள்? உயிர் அல்லாஹ்வின் அமானிதம். நம் அவசரமும் அருவருப்பும் அதன் முடிவைத் தீர்மானிக்கலாகாது.

அறுக்கும் பிராணிக்கும் கத்தியைத் தீட்டி நிம்மதியளிக்குமாறு ஏவினார்கள் நபி (ஸல்) அவர்கள். அவ்வாறாயின், வேதனையில் துடிக்கும் ஜீவனைக் கண்டதும் மருத்துவருக்கும் காவல்நிலையத்திற்கும் தகவல் சொல்வது நம் கடமையல்லவா?

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களில் இரக்கத்தை நிரப்புவானாக! ஆமீன்.