முந்திரிகைப் பந்தலிற் பீடைகளை அவதானித்தல்
(விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கமக்காரர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் முந்திரிகை சில பரப்புகளிலேயே செய்கை பண்ணப்படுவதாயினும், அதற்கு ஆகும் செலவு சிறிதன்று. தூணுக்கும் கம்பிக்கும், பசளைக்கும் நீருக்கும், கத்தரிக்கும் கூலிக்கும் முன்னதாகவே பணத்தைச் செலவிட்டுவிட்டுக் குலை பழுக்கும் நாளை எதிர்பார்த்திருக்கின்றோம். ஆகவே, இலையில் ஒரு பூச்சியைக் கண்டதும் மருந்து விசிறும் எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், அது எந்தப் பூச்சி, எத்தனை கொடிகளில் உள்ளது, பெருகுகின்றதா குறைகின்றதா என்பவற்றை அறியாது விசிறும் மருந்து பெரும்பாலும் வீண் செலவேயாகும். சில வேளைகளிற் பீடையை வளர்த்தும் விடும்.

வாரத்துக்கொரு முறை, காலை வேளையில், ஒரு கொப்பியும் பென்சிலும் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைவில்லையும் எடுத்துக்கொண்டு பந்தலின் கீழ்ச் செல்லுங்கள். வாசலோரக் கொடிகளை மட்டும் பாராது, குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 கொடிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு முற்றிய இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிற்றுண்ணி இருந்த இலைகள் எத்தனை என்று மட்டும் எழுதினாற் போதும். ஒவ்வோர் உண்ணியையும் எண்ண வேண்டுவதில்லை. இவ்வாரம் 4 இலைகள், அடுத்த வாரம் 9 இலைகள் என்றால் பீடை ஏறுகின்றது. 4 இலைகள் 3 ஆயினவெனின் பொறுத்திருக்கலாம்.

சிற்றுண்ணி பூச்சியன்று, வளர்ந்த நிலையில் எட்டுக் கால்களையுடைய, சிலந்திக்கு உறவான உயிர். சோளகக் காற்று வீசும் வறண்ட நாட்களில் முட்டையிலிருந்து முதிர்ந்த நிலையை அடைய அதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே போதுமாகலாம். ஒழுங்கையோரம் புழுதி படியும் வரிசைகளே முதலிற் பாதிக்கப்படுவதால், அவற்றைத் தனியாகவும் பாருங்கள். இலையின் மேற்பக்கத்தில் வெளிறிய புள்ளிகளும், அடியில் நுண்ணிய வலையும் தோன்றும்; பின்னர் இலை செம்பு நிறமாகும். அதே இலையில் விரைந்தோடும் வேறொரு சிற்றுண்ணியையும் வில்லையிற் காணலாம். அது பெரும்பாலும் தீய உண்ணியைத் தின்னும் நமது துணைவன். எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் கடுமையான மருந்தை விசிறினால் முதலில் அழிவது இத்துணைவனே. மருந்தடித்த சில வாரங்களில் உண்ணி முன்னிலும் அதிகமாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கந்தகம் உண்ணியைக் குறைக்குமெனினும், கடும் வெயிலில் விசிறின் இலை கருகும்.

பனிப்பூச்சியை அறிவது எளிது. இளந்துளிரையும் பூங்குலையையும் ஒரு வெள்ளைக் கடதாசியின் மேல் தட்டினால், ஒடுங்கிய சிறு பூச்சிகள் ஊர்வதைக் காணலாம். பூக்கும் காலத்திலும் பிஞ்சு பிடிக்கும் காலத்திலும் இதைத் தவறாது செய்ய வேண்டும். பழத்தில் தழும்பு விழுந்தபின் பார்த்துப் பயனில்லை.

வெண்மூட்டுப்பூச்சியே குலையின் விலையைக் கெடுப்பது. அது கொடியின் உரிந்த பட்டையின் கீழ் ஒளிந்திருந்து, பழம் முற்றும் காலத்திற் குலைக்குள் ஏறும். அதன் இனிய கழிவுக்காக எறும்புகள் அதனைக் காத்து நிற்பதால், தண்டில் எறும்பு வரிசை ஏறுவதைக் கண்டால் அக்கொடிக்குத் துணித்துண்டொன்றைக் கட்டி அடையாளமிட்டு, பட்டையை உரித்துப் பாருங்கள். கத்தரிக்கும் வேளையில் அடையாளமிட்ட கொடிகளின் உரிந்த பட்டையை நீக்கி எரிப்பது, பின்னர் பந்தல் முழுவதற்கும் மருந்தடிப்பதிலும் மலிவானது. ஆனால், வெண்மையாகத் தோன்றுவன எல்லாம் பீடையல்ல. வெண்மூட்டுப்பூச்சியைத் தின்னும் சில பொறிவண்டுகளின் புழுக்களும் வெள்ளை மெழுகு நூல்களால் மூடப்பட்டிருக்கும். தொட்டதும் சுறுசுறுப்பாக நகர்ந்தால் அது வண்டின் புழு, அதை நசுக்கிவிடாதீர்கள்.

கணக்கு ஏறி, மருந்து விசிறியே ஆகவேண்டுமெனின், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான மருந்தையே வாங்கி, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னதாக நிறுத்தவேண்டுமென்று சிட்டையில் உள்ளதை வாசியுங்கள். முந்திரிகையைத் தோல் உரித்து உண்பார் அரியர். குழந்தைகள் கழுவாமலே வாயிலிடுவர்.

இனந்தெரியாத பூச்சியைக் கண்டால், இலையோடு ஒரு சிறு போத்தலில் இட்டு, கண்ட நாளையும் வரிசையையும் எழுதி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுவாருங்கள். கொப்பியையும் மறவாது எடுத்துவாருங்கள்.