யாரிடம் கூலி பேசுவது?



கூலிக்கணக்கு பேச நம் சங்கரன்கோவிலைவிடத் தோதான ஊர் எது? இது தறி ஓடும் ஊர். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. விலைவாசி ஏறினால் சங்கம் கேட்கும், தறி நிற்கும், உரிமையாளர்கள் வந்து உட்காருவார்கள், அதிகாரி முன்னிலையில் ஒப்பந்தம் எழுதுவார்கள். இழுபறி உண்டு, ஏமாற்றமும் உண்டு. ஆனாலும் பேசுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்கிறார்.

பெருநகரங்களில் வீடு கூட்டித் துடைக்கும் பெண்களுக்கு இப்போது செல்போன் செயலியில் வேலை வருகிறது. அவர்களுக்கு எதிரே யார்?

2025 மார்ச்சில் அர்பன் கம்பெனி என்ற செயலி நிறுவனம் மும்பையில் ஒரு விளம்பரம் செய்தது. பதினைந்தே நிமிடத்தில் வேலைக்கு ஆள், மணிக்கு 49 ரூபாய்! வீட்டுவேலைப் பெண்ணை இப்படியா கூவி விற்பது என்று எதிர்ப்பு எழுந்தது. சேவையின் பெயரை மாற்றினார்கள். பெயர் கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 49 என்பது அறிமுக விலை. வேலை செய்பவருக்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய் தருகிறோம் என்றது நிறுவனம். நாளுக்கு 6 மணி வீதம் 22 நாள், அதாவது 132 மணி நேரம் உழைத்தால் மாதம் 20,000 ரூபாய் உறுதி, காப்பீடும் உண்டு என்றது.

நல்ல கூலிதான், மறுக்கவில்லை. நம் தெருக்களில் எத்தனை வீட்டில் இந்தக் கணக்கில் கொடுக்கிறோம்? மனசாட்சியைக் கேட்டுப் பார்ப்போம்.

ஆனால் வீட்டுக்காரர் 49 கொடுக்க, வேலை செய்பவர் 150 வாங்கினால் நடுவில் உள்ள 101 ரூபாய் யாருடையது? நிறுவனத்தின் முதல். வாடிக்கையாளரைப் பழக்குவதற்காகக் கொட்டும் பணம். அந்தக் கொட்டல் என்றைக்கு நிற்கும், நின்றபின் கூலி என்ன ஆகும் என்பதை முடிவுசெய்யும் இடத்தில் அந்தப் பெண் இல்லை. அடுத்த புக்கிங் வரும்வரை காத்திருக்கும் நேரத்துக்கும், வீட்டுக்கு வீடு நடக்கும் நேரத்துக்கும் கூலி உண்டா? வாடிக்கையாளர் போடும் நட்சத்திர மதிப்பெண் குறைந்து செயலியில் ஐடி முடங்கினால் எந்தக் கதவைத் தட்டுவது?

கேட்டவர்கள் உண்டு. 2021 அக்டோபரில் குருகிராமில் அதே நிறுவனத்தின் அழகுக்கலைப் பெண்கள் நிறுவனம் பிடிக்கும் கமிஷனையும் அபராதத்தையும் எதிர்த்து அலுவலக வாசலில் திரண்டார்கள். கமிஷன் குறைந்தது. டிசம்பரில் மறுபடி வந்து உட்கார்ந்தபோது, நிறுவனம் அவர்கள்மீதே நீதிமன்றத்துக்குப் போனது! பேச்சுக்கு அழைக்கவேண்டிய பெண்களை வழக்குக்கு அழைத்தது அநியாயம் என்றே இந்த மேடையில் சொல்கிறேன்.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நலநிதிக்குத் தரவேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அது நலநிதி, கூலி அல்ல. தமிழக அரசு கூலிக்கும் சட்டம் செய்யவேண்டும்: காத்திருப்பும் வேலைநேரம், கூலியை மாற்றுமுன் சங்கத்தோடு பேச்சு, காரணம் சொல்லாமல் ஐடி முடக்கக்கூடாது.

அதுவரை ஒரு காரியம் நம் கையில் இருக்கிறது. தமிழகத்தில் வீட்டுப்பணியாளர் நலவாரியம் 2007 முதல் இருக்கிறது. செயலித் தொழிலாளருக்கும் 2023இல் வாரியம் வந்துவிட்டது. சென்னையிலோ கோவையிலோ இந்த வேலை பார்க்கும் அக்கா, தங்கை, மதினி உங்களுக்கு இருந்தால் இன்று இரவே போன் போடுங்கள். வாரியத்தில் பதியச் சொல்லுங்கள், சங்கத்தில் சேரச் சொல்லுங்கள்.