படை போனால் மட்டும் போதுமா?

(பேராதனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இப்பேராதனையின் பூந்தோட்டத்திலேதான் 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபு நேசப்படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகத்தை அமைத்தார். யுத்தம் முடிந்தது, தலைமையகம் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. திருகோணமலை, கட்டுநாயக்கா தளங்களையும் பேச்சுவார்த்தையின் மூலம் 1957இல் பிரித்தானியர் கையளித்தனர். அந்நியப் படை நீங்கினால், அவ்விடத்தில் நின்று பொறுப்பேற்க ஓர் அரசாங்கம் அன்று ஆயத்தமாக இருந்தது. ஆதலின் அப்படைகள் போனமையால் எவரும் அகதியாகவில்லை.

1990இல் நிகழ்ந்ததோ வேறு. 1987 யூலை 29ஆம் நாள் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். மறுநாளே இந்திய அமைதிப்படை வரத் தொடங்கியது. மாலையிட்டு வரவேற்ற மக்கள் மூன்று மாதம் செல்லுமுன் பிணங்களுக்கு மாலையிட நேர்ந்தது. ஒக்ரோபரில் அப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அம்மாதம் 21ஆம் நாள் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளரும் வைத்தியரும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டதை எந்தச் சட்டம் நியாயப்படுத்தும்? இந்தியச் சிப்பாய்களும் ஆயிரத்துக்கு மேல் மாண்டனர். அவர்களும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளே.

1989 யூன் 1ஆம் நாள் ஜனாதிபதி பிரேமதாசா, யூலை முடிவிற்குள் படை வெளியேற வேண்டுமென்றார். அழைத்தவனுக்கு அனுப்பவும் உரிமை உண்டு என்பது அவர் வாதம். தமிழருக்கு அளித்த அதிகாரப் பகிர்வும் பாதுகாப்பும் நிறைவேறாமல் போக இயலாது என்பது ராஜீவ் காந்தியின் வாதம். ஒப்பந்தத்தின் இணைப்பை வாசித்தால், படையை ஜனாதிபதி அழைக்கலாம் என்றே காணப்படும். சட்டப்படி பிரேமதாசாவின் கட்சி வலிதே. எனினும் நியாயம் அத்துடன் முடிந்துவிடவில்லை. எவருடைய மண்ணில் படை நின்றதோ, அம்மக்களின் கையொப்பம் வரவழைத்த பத்திரத்திலும் இல்லை. வெளியேற்ற 1989 செப்டெம்பர் 18இல் எழுதிய பத்திரத்திலும் இல்லை.

வேலியே பயிரை மேய்ந்தால் அவ்வேலியைப் பிடுங்கு என்பது முறைதான். ஆனால் பிடுங்குமுன் புது வேலி அடைக்காத கமக்காரன் உண்டா? 1990 மார்ச் 24இல் கடைசிச் சிப்பாயும் திருகோணமலையில் கப்பலேறினான். சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. வடகிழக்கு மாகாண சபையோ படையின் நிழலிலேயே நின்றதாதலின், நிழலோடு வீழ்ந்தது. யூன் மாதம் மீண்டும் யுத்தம். ஒக்ரோபரில் நம் சகோதரர்களான வடபுலத்து முஸ்லிம்கள் புலிகளால் துரத்தப்பட்டனர். படை போனது குற்றமன்று. அது நின்ற இடத்தில் சட்டத்தின் ஆட்சியை நிறுத்தாமல் விட்டதே குற்றம்.

பழங்கதையை இன்று ஏன் கிளறுகிறோம்? 2009இல் யுத்தம் ஓய்ந்த பின்னும் வடக்கில் குடிமக்களின் காணிகள் சில இராணுவத்தின் கையிலே உள்ளன. படை விலக வேண்டுமென நாம் கேட்கிறோம், இடையறாது கேட்போம். ஆயினும் அத்துடன் நின்றால் 1990இன் பிழையை நாமே மீண்டும் செய்தவர்களாவோம். 13ஆம் திருத்தம் ஏட்டில் எழுதிய காணி, பொலிஸ் அதிகாரங்கள் எவர் கைக்கு வரும்? 2013இல் தெரிவான வடமாகாண சபை 2018இல் காலாவதியானதே, அதற்கடுத்த தேர்தலைக் கேட்க நாம் எத்தனை கூட்டம் கூட்டினோம்?

சிங்கள மக்களிடமும் இதையே சொல்வோம். அந்நியப் படை தம் மண்ணில் நிற்பது அவமானம் என்று 1989இல் அவர்கள் உணர்ந்தார்களன்றோ? அவ்வுணர்ச்சி தமிழனுக்கும் உண்டென்பதை அறிந்தால் பாதி வழக்குத் தீரும்.

படை போகும் தேதியைக் கேட்போம். அதே மூச்சில், அதன் இடத்தில் மக்களாட்சி அமரும் தேதியையும் கேட்போம். ஒன்றை விட்டு ஒன்றைப் பெறுவது விமோசனமாகாது.